பிறந்த குழந்தைக்குக் காது சோதனை: செலவு எங்கே, பலன் எங்கே, எப்படிச் செய்துகொள்வது

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு ஊசி கிடையாது, ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, மயக்க மருந்தும் தேவையில்லை, குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும். அப்படியிருந்தும் டிஸ்சார்ஜ் சமயத்தில் இதைப் பற்றிச் சொன்னால், 'பில்லை ஏற்றுவதற்காகச் சொல்கிறார்களோ' என்ற சந்தேகம் பலருக்கு வரத்தான் செய்கிறது. நன்றாக இருக்கும் குழந்தைக்கு எதற்குச் சோதனை, குடும்பத்தில் யாருக்கும் காது கேளாமை இல்லையே, கைதட்டினால் திடுக்கிடுகிறதே, அப்புறம் என்ன? கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய்யுங்கள். ஆனால் சோதனையோடு நின்றுவிடப் போகிறீர்கள் என்றால் அதற்குக் கொடுக்கும் காசு ஏறக்குறைய தண்டம்தான். இந்தச் சோதனையால் யாருக்கும் காது கேட்க ஆரம்பிப்பதில்லை. அது ஒரு சந்தேகத்தை மட்டும் எழுப்பிக் கொடுக்கிறது, அந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த சில வாரங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் செலவும் பலனும் அடங்கியிருக்கிறது.

எத்தனை குழந்தைகளுக்கு இந்தப் பிரச்சினை வருகிறது

1000 குழந்தைகள் பிறந்தால் அதில் 1 முதல் 3 குழந்தைகளுக்குப் பிறவியிலேயே நிரந்தரமான செவித்திறன் குறைபாடு இருக்கிறது. என்ஐசியு என்று சொல்லப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்த குழந்தைகளிடம் இது பல மடங்கு அதிகம், 100-க்கு 2 முதல் 4 வரைகூடப் போகும். சின்ன எண்ணிக்கை மாதிரித் தெரியும். ஆனால் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனையில் தேடப்படும் பிறவித் தைராய்டு குறைபாடு சுமார் 2000 முதல் 4000 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் வருகிறது. அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை.

'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை' என்பது இங்கே பெரிய ஆறுதல் கிடையாது. காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவர்களின் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும். பிறவிக் குறைபாட்டில் பாதிக்கு மேல் மரபணு காரணம்தான், ஆனால் பெரும்பாலும் அது அம்மா அப்பா இருவரிடமும் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்து, இரண்டும் ஒரே குழந்தையிடம் சேரும்போதுதான் வெளிப்படுகிறது. கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் வரும் மாற்றம் இதற்கு மிகவும் பேர்போன உதாரணம். மிச்சத்தில் பெரும் பங்கு கர்ப்ப காலத்தில் தொற்றும் சிஎம்வி (சைட்டோமெகலோ) வைரஸுக்குப் போகிறது, அதுவும் பல அம்மாக்களுக்குச் சாதாரண ஜுரம் மாதிரி வந்து போயிருக்கும், இல்லை தெரிந்தே இருக்காது. ஆகமொத்தம், குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளில் சுமார் பாதிப் பேரிடம் முன்கூட்டியே சந்தேகப்படும்படி எந்த அறிகுறியும் இருப்பதில்லை. ஆபத்து உள்ள குழந்தைகளை மட்டும் சோதித்தால் போதும் என்று சிக்கனம் பார்த்தால் அந்தப் பாதியைக் கோட்டைவிடுவோம்.

கைதட்டிப் பார்ப்பதை நம்பாதீர்கள்

எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இது. குழந்தையின் தலைக்குப் பின்னால் நின்று யாராவது கைதட்டுவார்கள், தட்டைத் தட்டுவார்கள், குழந்தை சிமிட்டும், 'பார்த்தியா, கேட்குது' என்று முடித்துவிடுவார்கள். கை அசையும்போது காற்று முகத்தில் படும், நிழல் விழும், கட்டிலைத் தட்டினால் அதிர்வு உடம்பில் ஏறும். காது கேளாத குழந்தையும் இதையெல்லாம் கவனிக்கும். சத்தத்தில் பாதியை மட்டும் கேட்கும் குழந்தை என்றால் இன்னும் குழப்பம், கதவு அடைபடும் 'டமார்' கேட்கும், பேச்சில் வரும் 'ச', 'ஸ', 'த' எல்லாம் கேட்காது. அந்தக் குழந்தை திரும்பும், சிரிக்கும், ஆனால் சொற்கள் அதற்குத் தெளிவாகப் போய்ச் சேர்வதில்லை.

இன்னொரு ஏமாற்று: காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ஆ, ஊ' என்று மழலை பேசும். அந்தச் சத்தத்துக்குக் காது தேவையில்லை. தன் குரலையே கேட்டு அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டிய கட்டம் வரும்போதுதான் அது மெல்ல அடங்கும். அதற்குள் 'இவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்' என்று பாட்டி ஒரு பக்கம் சமாதானம் சொல்லியிருப்பார். எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கும் பழக்கம் வருவதற்கு முன்னால் இந்தக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்ட சராசரி வயது இரண்டு, இரண்டரை. லேசான குறைபாடு என்றால் பள்ளிக்கூடம் போன பிறகுதான்.

கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு பழைய சான்றும் உண்டு. 1960களில் அமெரிக்காவின் டென்வரில் மேரியன் டவுன்ஸ் என்ற ஆடியாலஜிஸ்ட் (செவித்திறனைச் சோதிக்கும் நிபுணர்), பயிற்சி பெற்ற ஆட்களை வைத்து, பிறந்த குழந்தைகளுக்கு ஒலி எழுப்பி அசைவைக் கவனிக்கும் முறையைப் பெரிய அளவில் செய்து பார்த்தார். பார்ப்பவருக்குப் பார்ப்பவர் முடிவு மாறியது. இதை இப்படியே விடக் கூடாது என்று அவர் வற்புறுத்தியதால்தான் 1969-ல் குழந்தைகளின் செவித்திறனுக்கென்று அங்கே ஒரு கூட்டுக் குழு அமைந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலைமை என்றால், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இரண்டு விதமான கருவி

இதைப் புரிந்துகொண்டால் ரிப்போர்ட்டில் பாதி புரிந்த மாதிரி.

முதலாவது ஓஏஇ. 1978-ல் இங்கிலாந்தில் டேவிட் கெம்ப் என்பவர் கண்டுபிடித்த ஒரு விநோதம்தான் இதற்கு அடிப்படை: ஆரோக்கியமான உள்காது ஒலியை வாங்கிக்கொள்வதோடு நிற்காமல், தானும் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி வெளியே அனுப்புகிறது. காதுக்குள் ரப்பர் முனை வைத்த ஒரு சின்னக் குழாயைச் செருகுவார்கள். அதிலேயே ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கும். 'டிக் டிக்' என்று ஒலியை அனுப்பி, திரும்பி வருகிறதா என்று மைக் கேட்கும். வந்தால் உள்காதின் மயிர்ச்செல்கள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். குழந்தை அமைதியாக இருந்தால் ஒரு காதுக்கு ஒரு நிமிடம் போதும், அதற்கும் குறைவாகக்கூட ஆகும்.

இரண்டாவது தானியங்கி ஏபிஆர். நெற்றியிலும் பிடரியிலும் தோளிலுமாக மூன்று ஸ்டிக்கர் ஒட்டி, காதில் மெல்லிய ஒலியைத் தொடர்ந்து விட்டு, காது நரம்பு வழியாக மூளைத்தண்டு வரைக்கும் சிக்னல் போகிறதா என்று பார்ப்பார்கள். வழக்கமாக 35 டெசிபல் அளவில் வைப்பார்கள், அதாவது மெதுவாகப் பேசுவதற்கும் கொஞ்சம் கீழே. கொஞ்ச நேரம் கூடுதலாக ஆகும், ஸ்டிக்கர் செலவு தனி. இதையே விரிவாக, ஒலி அளவை ஏற்றி இறக்கிச் செய்யும் முழுச் சோதனையைத்தான் ஆஸ்பத்திரிகளில் 'பெரா' என்கிறார்கள்.

எது நல்லது? ஓஏஇ சீக்கிரம் முடியும், செலவு குறைவு, ஆனால் காதுக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தாலே 'ரெஃபர்', அதாவது தேறவில்லை, மறுபடி சோதிக்க வேண்டும் என்று காட்டிவிடும். ஏபிஆருக்கு அந்தத் தொல்லை குறைவு. அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று: உள்காது நன்றாக இருந்தும் நரம்பு சிக்னலைச் சரியாகக் கடத்தாத ஒரு வகைக் குறைபாடு உண்டு, ஓஏஇ அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, பாஸ் என்றே காட்டும். என்ஐசியுவில் இருந்த குழந்தைகளுக்கும், ரத்தத்தை மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை முற்றிய குழந்தைகளுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். ஆகவே 5 நாளுக்கு மேல் என்ஐசியுவில் இருந்த குழந்தை என்றால் ஓஏஇ மட்டும் செய்து அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏபிஆர் கேளுங்கள். நல்ல ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு எதை முதலில் செய்தாலும் சரிதான்.

சோதனையை உருப்படியாகச் செய்துகொள்வது எப்படி

பிறந்த முதல் நாளே அவசரப்படாதீர்கள். காதுக்குள் பிரசவ நேரத்து வெண்பிசுக்கும் நடுக்காதில் திரவமும் இருக்கும், அது வற்ற ஒன்றிரண்டு நாள் ஆகும், சிசேரியனில் பிறந்த குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் மெதுவாக. முடிந்தால் 24 மணி நேரம் கழித்து, இன்னும் நல்லது 48 மணி நேரம் நெருங்கும்போது, டிஸ்சார்ஜுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலையிலேயே செய்து 'ரெஃபர்' வாங்கிப் பயந்துபோகும் குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பயமே தேவையில்லாதது.

குழந்தைக்குப் பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, துணியில் நன்றாகச் சுற்றி, தூங்கவிட்டுக் கொண்டுபோங்கள். பசியோடு போனால் அழும், அழுதால் கருவி அந்தச் சத்தத்தைத்தான் கேட்கும், நேரம் இழுக்கும், கடைசியில் தெளிவில்லாத ஒரு ரிசல்ட்தான் கிடைக்கும். ஏசி இரைச்சல், மானிட்டர் சத்தம், சொந்தக்காரர்கள் கூட்டம் இல்லாத அறையாகக் கேளுங்கள். காதைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று பட்ஸ் விடாதீர்கள், எண்ணெய் எதுவும் விடாதீர்கள். ரப்பர் முனை காதில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. குழாய் தொங்கிக்கொண்டோ சாய்ந்தோ இருந்தால் செய்பவரிடம் தயங்காமல் சொல்லலாம், அனுபவமுள்ளவர்கள் காது மடலை மெல்லக் கீழாகவும் பின்னாகவும் இழுத்துத்தான் செருகுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'ரெஃபர்' வந்தால் சிலர் பாஸ் வரும்வரை அதே காதில் பத்துத் தடவை போட்டுப் பார்ப்பார்கள். உங்களை நிம்மதியாக அனுப்ப வேண்டும் என்ற நல்லெண்ணம்தான், ஆனால் திரும்பத் திரும்பச் செய்தால் உண்மையிலேயே குறைபாடு உள்ள காதும் தற்செயலாக ஒரு தடவை பாஸ் காட்டிவிடக்கூடும். ஒழுங்காகச் செய்த இரண்டு முயற்சி போதும், அதற்கு மேல் வேண்டாம், இன்னொரு நாள் வரச் சொல்லட்டும்.

மறுசோதனைக்குப் போகும்போது ஒரு காதுதான் தேறவில்லை என்றாலும் இரண்டு காதையும் செய்யச் சொல்லுங்கள். முதலில் ஏபிஆரில் தேறாத குழந்தைக்கு ஓஏஇ செய்து 'பாஸ்' என்று முடித்துவிடக் கூடாது, காரணம் மேலே சொன்ன நரம்புப் பிரச்சினைதான்.

வரும்போது ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக 'எல்லாம் நார்மல்' என்பது போதாது. எந்தக் கருவி, எந்தத் தேதி, வலது காது என்ன, இடது காது என்ன என்று எழுதியிருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துவிட்டால் பின்னால் தேட வேண்டியிருக்காது.

இப்போது கணக்குக்கு வருவோம்

ஒரு குழந்தைக்கு ஆகும் சோதனைச் செலவை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. கருவியின் விலையை அது சோதிக்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் மேல் பிரித்துப் போட்டால் தலைக்குக் கொஞ்சம்தான் வரும். மிச்சம், தூக்கிப்போடும் ரப்பர் முனை அல்லது ஸ்டிக்கர், செய்பவரின் நேரம், வருடத்துக்கு ஒருமுறை கருவியைச் சரிபார்க்கும் செலவு. நிஜமான செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், தேவையில்லாமல் திருப்பி அனுப்பப்படும் குழந்தைகளிடம்.

ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 குழந்தைகள், அதில் உண்மையில் குறைபாடு உள்ளவர்கள் 2 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை ஒழுங்காக நடக்கும் இடத்தில் கடைசியாக 'ரெஃபர்' ஆகிறவர்கள் 100-க்கு 4-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. அப்படியானால் 40 குழந்தைகள் அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள், அதில் 38 பேருக்கு ஒன்றுமில்லை. அந்த 38 குடும்பங்களின் போக்குவரத்து, லீவு போட்ட நாள், பிரசவம் முடிந்து தெம்பே வராத ஒரு அம்மா தூங்காமல் கழித்த ராத்திரி, இதெல்லாம் செலவுதான். பணமாக எழுதாததால் செலவில்லை என்று ஆகிவிடாது. அந்தக் கவலை பெரும்பாலும் மறுசோதனையோடு தீர்ந்துவிடுகிறது என்பது உண்மை, ஆனால் 'ரெஃபர்' என்றால் செவிடு என்று அர்த்தமில்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஒன்றும் இருக்காது என்று ஒரே ஒரு வாக்கியம் அங்கேயே சொல்லியிருந்தால் அதில் பாதி வந்திருக்காது. உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை என்றால் இப்போது நான் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரெஃபர் ஆனவர்களில் பாதிப் பேர் திரும்ப வரவே இல்லை என்றால்? அந்த 2 குழந்தைகளில் ஒன்று வராதவர்கள் பக்கம் போய்விடும். 1000 பேரைச் சோதித்த செலவு அப்படியே நிற்கிறது, கண்டுபிடித்தது ஒன்றுதான், ஆக ஒரு குழந்தையைக் கண்டுபிடிக்க ஆன செலவு இரண்டு மடங்கு. இது கற்பனையான பயம் இல்லை. இந்தத் திட்டங்கள் நடக்கும் நாடுகள் பலவற்றிலும் பெரிய ஓட்டை இதுதான், முதல் சோதனை நடந்துவிடும், இரண்டாவதுக்கு ஆள் வராது. வராததற்குக் காரணமும் எளிது, வீட்டுக்கு வந்ததும் குழந்தை கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிடும், 'மெஷின்தான் கோளாறு' என்று முடிவாகிவிடும். ஆகவே ஒரு ஆஸ்பத்திரி நிர்வாகியாகவோ டாக்டராகவோ நீங்கள் இதைப் படித்தால், இன்னொரு விலை உயர்ந்த கருவி வாங்குவதற்கு முன்னால், ரெஃபர் ஆன குடும்பங்களுக்கு ஃபோன் போட்டு வரவழைக்க ஒரு ஆளை வையுங்கள். அந்தச் சம்பளம்தான் மொத்தத் திட்டத்திலேயே அதிகப் பலன் தரும் செலவு என்பது என் அபிப்பிராயம்.

செலவுப் பக்கத்தில் இன்னொன்றும் எழுத வேண்டும், பொய்யான நிம்மதி. பாஸ் என்றால் இன்றைக்கு, இந்த ஒலி அளவில், பிரச்சினை தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். 35 டெசிபலுக்குக் கீழே உள்ள லேசான குறைபாடு நழுவிவிடலாம், சில குறைபாடுகள் பிறந்த பிறகு மாதக்கணக்கில் மெல்ல வளரும். பாஸ் ரிப்போர்ட்டைக் காட்டி 'அப்போதே பார்த்தாச்சு' என்று பேச்சு வராத இரண்டு வயதுக் குழந்தையைச் சும்மா வைத்திருந்தால் அந்தச் சோதனை நல்லதைவிடக் கெட்டதைத்தான் செய்திருக்கிறது.

பலன் பக்கம்

மொழி கற்கும் மூளைக்குக் கால அவகாசம் குறைவு. கேட்டல் சம்பந்தப்பட்ட மூளைப் பகுதி முதல் மூன்று, மூன்றரை வருடத்தில்தான் மிக நன்றாக வளைந்துகொடுக்கும். அந்தக் காலத்தில் ஒலியோ சைகை மொழியோ எதுவும் போய்ச் சேரவில்லை என்றால் பின்னால் எவ்வளவு நல்ல கருவி வைத்தாலும் பிடிப்பது கடினம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1998-ல் அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழு, 6 மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளையும் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. முதல் கூட்டத்தின் மொழித்திறன் தெளிவாக மேலே இருந்தது, குறைபாடு லேசோ கடுமையோ, குடும்பம் வசதியோ இல்லையோ, அந்த வித்தியாசம் மாறவில்லை. 2006-ல் வெளியான தெற்கு இங்கிலாந்து ஆய்வு, ஏறக்குறைய 8 வயதான பிள்ளைகளைப் பார்த்தது. 9 மாதத்துக்குள் உறுதிசெய்யப்பட்டவர்களின் மொழித்திறன் நன்றாக இருந்தது, ஆனால் பேச்சில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது விளம்பர வாசகம், சீக்கிரம் கண்டுபிடித்தால் மொழி கைக்குக் கிடைக்கும் என்பதுதான் ஆதாரம் உள்ள விஷயம். என்னைக் கேட்டால் அது ஒன்றே போதும். மொழி இருந்தால் படிப்பு, நட்பு, கோபத்தைச் சொல்லத் தெரிவது எல்லாம் பின்னாலேயே வரும்.

பணக் கணக்காகவும் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கை, கவனிக்கப்படாத காது கேளாமையால் உலகத்துக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 980 பில்லியன் டாலர் இழப்பு என்கிறது, காது நலத்தில் போடும் ஒவ்வொரு டாலரும் 10 வருடத்தில் சுமார் 16 டாலராகத் திரும்பும் என்றும் மதிப்பிடுகிறது. ஆனால் அந்த 16 என்பது பச்சிளம் குழந்தை சோதனைக்கு மட்டுமான கணக்கு இல்லை, காதில் சீழ் வைத்தியம் முதல் முதியோருக்கு ஹியரிங் எய்டு வரை எல்லாம் சேர்ந்தது. கருவி விற்பவர்கள் அந்த எண்ணைத் தூக்கி இந்தச் சோதனை மேல் ஒட்டிக் காட்டினால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

'ரெஃபர்' வந்தால் அடுத்து என்ன

1-3-6 என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1 மாதத்துக்குள் முதல் கட்டச் சோதனை முடிந்திருக்க வேண்டும், 3 மாதத்துக்குள் குறைபாடு உண்டா இல்லையா என்று முழுச் சோதனையில் உறுதியாக வேண்டும், உண்டு என்றால் 6 மாதத்துக்குள் ஹியரிங் எய்டோ பயிற்சியோ சைகை மொழியோ ஆரம்பித்திருக்க வேண்டும். இதை நன்றாகச் செய்துகொண்டிருக்கும் இடங்கள் 1-2-3 என்று இன்னும் முன்னால் கொண்டுவர வேண்டும் என்று 2019-லேயே பரிந்துரை வந்துவிட்டது.

மூன்று மாதம் என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. அந்த வயதுக் குழந்தை பால் குடித்துவிட்டு நல்ல தூக்கம் போடும், முழு பெராவை அந்தத் தூக்கத்திலேயே செய்துவிடலாம். ஆறு மாதம் தாண்டினால் தூக்கம் கலைந்துகொண்டே இருக்கும், மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டி வரலாம், அதற்குத் தனி டாக்டர், தனிச் செலவு, கொஞ்சம் ஆபத்தும் உண்டு. தள்ளிப்போட்டால் காசு மிச்சம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு அவசரம் சிஎம்வி. அந்த வைரஸ் கர்ப்பத்திலேயே தொற்றியதா என்று எச்சில் அல்லது சிறுநீரில் பார்த்துச் சொல்ல வேண்டுமானால் பிறந்து 21 நாளுக்குள் மாதிரி எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு பிறந்த பின் தொற்றியதா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே காது சோதனை தேறவில்லை என்றால் அந்த மூன்று வாரத்துக்குள்ளேயே குழந்தை மருத்துவரிடம் 'சிஎம்வி பார்க்கணுமா டாக்டர்' என்று நீங்களே கேளுங்கள்.

உறுதியானால் உடனே காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி) என்று மனம் ஓடும். வேண்டியதில்லை. ஒரு மாதக் குழந்தைக்குக்கூட ஹியரிங் எய்டு போட முடியும், பெரும்பாலும் அதுதான் முதல் படி. காது வேகமாக வளர்வதால் காதுக்குள் பொருத்தும் அச்சை முதல் வருடத்தில் அடிக்கடி மாற்ற வேண்டும், சின்னதாகிப்போன அச்சு 'கீங்' என்று கத்தும். கருவி வாங்கும்போதே இந்தச் செலவையும் பேட்டரிச் செலவையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹியரிங் எய்டு போட்டும் போதவில்லை என்று தெரிந்தால்தான் இம்ப்ளான்ட் பேச்சு, பொதுவாக ஒரு வயதையொட்டி. நடுவில் காத்திருக்கும் மாதங்களில் சைகை கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம், குழந்தைக்கு ஏதோ ஒரு மொழி ஓடிக்கொண்டே இருப்பதுதான் முக்கியம்.

ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது, இரைச்சலான வகுப்பறையில் டீச்சர் பேசுவது பிடிபடாது.

பாஸ் ஆன பிறகும் யார் திரும்பப் போக வேண்டும்

குடும்பத்தில் சிறு வயதிலேயே காது கேளாமை வந்தவர்கள் இருந்தால், என்ஐசியுவில் 5 நாளுக்கு மேல் இருந்தால், ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் ஊசி 5 நாளுக்கு மேல் போயிருந்தால், பிறக்கும்போது மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தால், முகம் காது அமைப்பில் வித்தியாசம் இருந்தால், பாஸ் ஆகியிருந்தாலும் 9 மாதத்துக்குள் ஒரு முழுச் சோதனை வேண்டும். சிஎம்வி உறுதியான குழந்தைக்கு அவ்வளவு காத்திருக்கக் கூடாது, 3 மாதத்துக்குள், அப்புறமும் அடிக்கடி. மூளைக்காய்ச்சல் வந்து போன குழந்தை என்றால் குணமான கையோடு போக வேண்டும், ஏனென்றால் சிலருக்கு உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளும், பிறகு இம்ப்ளான்ட் வைக்கக்கூட இடம் இருக்காது.

பிறந்த இடத்தில் கருவியே இல்லை என்றால், முதல் தடுப்பூசிக்குப் போகும் சமயத்தோடு சேர்த்து அருகில் எங்கே ஆடியாலஜிஸ்ட் இருக்கிறார் என்று விசாரித்து முடித்துவிடுங்கள். ஒரு மாதம் தாண்டிவிட்டது என்பதற்காக விட்டுவிட வேண்டாம், எந்த மாதத்திலும் செய்யலாம், லேட்டாவதால் குறைவது பலன் மட்டும்தான்.

மற்றபடி வீட்டில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஆறு மாதத்துக்குள் சத்தம் வரும் பக்கம் கண்ணாவது திரும்ப வேண்டும். ஒன்பது மாதத்தில் முகத்தைப் பார்க்காமலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், 'பபப, மம்ம' என்று எழுத்துச் சேர்த்து மழலை வர வேண்டும். ஒன்றரை வயதில் சில சொற்களாவது இருக்க வேண்டும். இதில் எது இடறினாலும் முதலில் காதைச் சோதியுங்கள், பேச்சுப் பயிற்சி, மொபைலைப் பிடுங்குவது எல்லாம் அதற்கு அடுத்துதான்.